பாறைக்குட்டையில் பூங்கோதை பார்த்த நிறம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருபத்தாறு வருஷமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்து 'கலர் சரியில்லை' என்று சொல்லிவிட்டு, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் படியிறங்கியவர் இதுவரை ஒருவர்தான். அவள் பெயர் பூங்கோதை. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன், என் குணம் அப்படி.

பூங்கோதைக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில். அப்பாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதும் குடும்பம் விருத்தாசலத்துக்கு வந்துவிட்டது. பதினேழு வயதில் தங்கராசு என்பவரின் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்னம், யானை, ஊறுகாய் ஜாடி, உப்புக் கிண்ணம் என்று செய்கிற சின்னப் பட்டறை. முதல் நாலு வருஷம் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவிக்கொண்டிருந்தாள். அப்புறம் பூச்சு கலக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். பீங்கான் பொம்மையின் மேல் கண்ணாடி போலப் பளபளக்கிறதே, அதுதான் பூச்சு. அன்றிலிருந்து அந்த வாளிகளை வேறு யாரும் தொட்டதில்லை. தங்கராசு முதலாளி சொந்த மச்சானையே நம்பாத ஆள். ஆனால் சரக்கின் நிறத்தில் சந்தேகம் என்று யாராவது வாயைத் திறந்தால், பூங்கோதை பார்த்துவிட்டதா என்று மட்டும் கேட்பார். பார்த்துவிட்டாள் என்றால் அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாளியில் இருக்கும் நிறம் வேறு, சூளையில் வெந்து வெளியே வரும் நிறம் வேறு. ரோஸ் நிறத்தில் இருக்கிற தூள் வெந்தபின் அடர்நீலமாக வரும். கரிப்பொடி மாதிரி இருப்பது பச்சையாக வரும். ஆகவே பூச்சு கலக்குகிறவர்கள் முதலில் கண் சொல்வதை நம்பவே மாட்டார்கள். ஒரு பீங்கான் சில்லில் பூசி, சூளைக்கு அனுப்பி, வெளியே வந்தது எதுவோ அதுதான் நிறம் என்று எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷம் அப்படியே பழகியவள் பூங்கோதை.

அவளுடைய மகள் துர்கா புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். விடுதியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மட்டும் பெற்றோர் பார்க்கலாம், அதுவும் சாயந்திரம் நாலு மணிக்கு மேல்தான். பூங்கோதையின் கணவர் பழமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நல்லூர்க்காரர். எங்கே போவதென்றாலும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். எனவே இருவரும் காலை எட்டரைக்கெல்லாம் புதுச்சேரியில் போய் இறங்கிவிடுவார்கள். மீதி நேரத்தைக் கடற்கரையில் கழிக்க வேண்டியதுதான். பழமலை நிழல் பார்த்துத் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். பூங்கோதைக்குப் பகலில் தூங்கிப் பழக்கமில்லை. கடல் அரிக்காமலிருக்கக் கொட்டி வைத்திருக்கிற கருங்கற்கள் பக்கம் நடந்து போனாள். தண்ணீர் வற்றியிருந்த நேரம். கற்களுக்கு நடுவே அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் தங்கியிருந்தது. குனிந்து பார்த்தவள் மூன்று மணி நேரம் நிமிரவில்லை.

பூ மாதிரி விரிந்திருந்த ஒன்றை விரலால் தொட்டாளாம், அது சட்டென்று சுருங்கி உள்ளே போய்விட்டதாம். அதன் பெயர் கடல் சாமந்தி, பூவல்ல, உயிர். கல்லின் நிறத்திலேயே, முதுகில் மட்டும் பச்சை தட்டிய ஒரு நண்டு. அதற்கடுத்த கல்லின் மேல் பூசினாற்போல ரோஸ் நிறத்தில் ஒரு பாசி. அவளை ஆட்டிவைத்தது அந்த ரோஸ்தான். அந்த நிறத்தைச் சூளையில் கொண்டுவர அவள் ஏழு வருஷமாக முயற்சி செய்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வெந்து பழுப்பாகிவிடும். இங்கே யாரும் வேகவைக்காமல் கல்லின் மேல் தானாகப் படிந்து கிடக்கிறது. முதலாளிக்குக் காட்டலாமென்று போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் போனைத் திறந்தால் அந்த ரோஸைக் காணோம். நேராக என் கடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, நான் பாத்த கலரு இதுல இல்ல. கல்லு மேல ரோஸா படிஞ்சிருந்துது. இதுல செங்கல்லு மாதிரி இருக்குது. பெருசா பிரிண்ட் போட்டா சரியா வருமா?"

போனில் எடுத்த படத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? இருந்தாலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், கம்ப்யூட்டரில் ஏற்றி, கொஞ்சம் சிவப்பைக் கூட்டி, கொஞ்சம் நீலத்தைக் கூட்டி, அழகாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுவும் இல்லை என்றாள். நான் கத்த ஆரம்பித்தேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, சரியாக எடுப்பதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். நான் கத்தியதில் ஒரு சொல்லையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை; வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் படியிறங்கினாள் என்று சொன்னேனே, அது அன்றைக்குத்தான்.

கல்யாண வேலைக்குப் புது கேமரா வாங்கிய பிறகு பழையது ஒன்று என் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் வைத்து எடுக்கிற லென்ஸும் இருந்தது. இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். கொடுத்த மறுநிமிஷமே ஏன் கொடுத்தோமென்று இருந்தது, ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். அடுத்த மாதம் நூற்றிருபது படங்களோடு வந்தாள். எல்லாப் படத்திலும் வானம்தான் தெரிந்தது. தண்ணீரின் மேல் வானம் விழுந்து வெள்ளையாக மினுக்கியது, அடியில் ஒரு உயிரும் கண்ணில் படவில்லை. கறுப்புக் குடை ஒன்றைக் குட்டைக்கு மேல் பிடித்தால் அந்த மினுக்கு போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். குடை பிடிக்கிற வேலை பழமலை தலையில் விழுந்தது. துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷன், பெண்டாட்டி கல்லின் மேல் குப்புறப் படுத்திருக்க, பக்கத்தில் குடையோடு நிற்கவேண்டியதாயிற்று. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ சினிமா படப்பிடிப்பு என்று நினைத்துக் கூடிவிட்டார்களாம். பழமலைக்கு முதலில் மானம் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கூடுகிறவர்களுக்கு அவரே கடல் சாமந்தியைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் என் பங்குக்கு ஒரு முட்டாள்தனம் செய்தேன். கறுப்பு வெள்ளையில் போட்டால் கலை நயமாக இருக்குமே என்று ஒரு நண்டுப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டமும் மாட்டிக் கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணே. நண்டு எங்க?"

நானும் குனிந்து தேடினேன். நண்டு கல்லோடு கல்லாகக் கலந்துவிட்டிருந்தது. அதன் முதுகில் இருந்த பச்சையை வைத்துத்தான் அதுவரை நாங்கள் அதை நண்டு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். நிறத்தை எடுத்ததும் ஆளே இல்லை. இருபத்தாறு வருஷம் படம் எடுத்தவனுக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது, கல்யாணப் படத்தில் நிறம் ஒரு அலங்காரம், பாறைக்குட்டையில் நிறம் இல்லாவிட்டால் உயிரே கண்ணுக்குத் தெரியாது.

நிறத்தைச் சரியாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு குட்டையிலும் முதல் படம் எடுக்கும்போது வெள்ளையாக ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த வெள்ளையைத் தொட்டு, 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிவிட்டால், மற்ற நிறமெல்லாம் அதற்கேற்ப இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைக் காகிதம் ஒன்றை வைக்கச் சொன்னேன். காகிதம் நனைந்தது, கிழிந்தது, காற்றில் பறந்தது. பூங்கோதை என்ன செய்தாள், தன் பட்டறையிலேயே வட்டமாக ஒரு சில்லு செய்து, வெள்ளைப் பூச்சு பூசிச் சூளையில் வேகவைத்துக் கொண்டுவந்துவிட்டாள். நனையாது, பறக்காது, உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் கறை படியாது. நான் அவளை வாயாரப் புகழ்ந்தேன். நான் புகழ்வது அபூர்வம்.

அந்தச் சில்லு வந்த பிறகு படங்களில் ஒரு சூடு வந்தது. காலை வெயில் பட்டதுபோல எல்லாம் பொன்னிறமாக மின்னின. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். எல்லாரும் ஆகா என்றார்கள்.

ஜெயஸ்ரீ அறிமுகமானது இந்தச் சமயத்தில்தான். கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண், முப்பது வயதிருக்கும். அவளும் சில நண்பர்களும் சேர்ந்து, கரையோரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையடக்கப் புத்தகம் போட முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். கல்லின் மேல் படுத்திருந்த பூங்கோதையையும் குடையோடு நின்ற பழமலையையும் பார்த்துவிட்டு வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறாள். படங்களைப் பார்த்தாள். ஒன்று இரண்டல்ல, நாற்பது படங்களைப் புத்தகத்துக்குக் கேட்டாள். பூங்கோதைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான், நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பூங்கோதை ஒரு நத்தையைப் படம் எடுத்தாள். ஓடு கிடையாது, விரல் நகம் அளவு, கருநீல உடம்பு, உடம்பைச் சுற்றி ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு. படம் என் கம்ப்யூட்டரில் விரிந்தபோது அந்தக் கோடு வெண்ணெய் மஞ்சளாக இருந்தது. பூங்கோதை நெற்றியைச் சுருக்கினாள். குட்டையில் பார்த்தபோது வெள்ளையாகத் தெரிந்தது என்றாள். நான், வெயிலில் கண் கூசியிருக்கும் என்றேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். நேரில் பார்த்தது வாளியில் இருக்கிற நிறம், சில்லு வைத்துச் சரிசெய்தபின் கம்ப்யூட்டர் காட்டுவது சூளையிலிருந்து வந்த நிறம், அப்படித்தான் அவள் மனது கணக்குப் போட்டது. வேறு எந்தத் தொழில் செய்கிறவளாக இருந்தாலும் தன் கண்ணுக்காகச் சண்டை போட்டிருப்பாள்.

படத்தைப் பார்த்த ஜெயஸ்ரீ ஆடிப்போய்விட்டாள். வெள்ளைக் கோடு போட்ட நத்தை அந்தக் கரையில் எங்கும் இருக்கிறதாம். மஞ்சள் கோடு போட்டது வேறு இனமாம், அதை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லையாம். தன் பேராசிரியருக்கு எழுதினாள். புத்தகத்தில் அந்தப் படத்துக்குத் தனிப்பக்கம், கண்டவர் பூங்கோதை என்று பெயர், வெளியீட்டு விழாவில் மேடையில் நிற்கவைத்துப் பொன்னாடை என்று அடுக்கிக்கொண்டே போனாள். துர்கா விடுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். பழமலை ஆட்டோ ஸ்டாண்டில் ஆரம்பித்து நல்லூர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும், தன் பெண்டாட்டி கண்டுபிடித்த நத்தை என்று தமுக்கு அடிக்காத குறை. தங்கராசு முதலாளி விழாவன்று பட்டறைக்கே லீவு என்று அறிவித்துவிட்டார். அவர் லீவு விட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போக நாலு நாள் இருந்தது. மத்தியானம் பூங்கோதை என் கடைக்குள் ஓடி வந்தாள். கையில் ஒரு பீங்கான் அன்னமும் அந்த வெள்ளைச் சில்லும், முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சொல்ல வாய் வராமல் என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை உருவி, அதன் மேல் அந்த இரண்டையும் வைத்தாள்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக் களிமண்ணை என்னதான் சலித்தாலும் வெந்தபின் லேசாக மஞ்சள் தட்டும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதில்லையா, அதுபோல வெள்ளைப் பூச்சிலும் ஒரு சிட்டிகை நீலத்தூள் போட்டுத்தான் கலக்குவார்கள். அப்போதுதான் அன்னம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்தச் சிட்டிகையை இருபது வருஷமாக அளந்து போடுவதே பூங்கோதைதான். போட்டுப் போட்டு, அது நீலம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. அந்த வாரம் நீலத்தூள் வந்து சேரவில்லை. ஆர்டர் அவசரம் என்று முதலாளி நீலம் போடாமலே ஒரு சூளை வைக்கச் சொன்னார். அன்று காலை சூளையைத் திறந்தால் அன்னமெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதென்று எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். பூங்கோதை ஒரு அன்னத்தை எடுத்துச் சரக்குச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். அது காகிதத்தின் வெள்ளைக்கு நெருங்கிய நிறமாகத்தான் இருந்தது. மடியிலிருந்த தன் சில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சில்லு நீலமாக இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், அது எல்லாவற்றிலும் நீலத்தைக் குறைத்து மஞ்சளை ஏற்றிவிடும். சொன்னவன் நான். நாங்கள் ஆகா என்று கொண்டாடிய பொன்னிறம் முழுக்க அந்த ஒரு சிட்டிகை நீலத்தின் வேலை. காகிதத்தின் மேல் இருந்த சில்லை ஒரு படம் எடுத்து, அதில் நீலம் எவ்வளவு என்று பார்த்து, நத்தைப் படத்தைத் திறந்து அந்த அளவுக்குத் திருத்தினேன். மஞ்சள் கோடு கண்ணெதிரே வெளுத்து வெள்ளையாயிற்று. எங்கும் இருக்கிற சாதாரண நத்தை.

அப்புறம் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, இதை இங்கேயே விட்டுவிடு என்றேன்.

"யாருக்கும்மா தெரியப்போவுது? நத்தை வந்து கேஸா போடப்போவுது?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு வாளிப் பூச்சைத் தப்பாகக் கலந்துவிட்டால், சூளை மூட்டுவதற்குள் தானே போய் முதலாளியிடம் சொல்லிவிடுவது அவள் வழக்கம், சொல்லாவிட்டால் மொத்தச் சூளையும் பாழ் என்றாள். இது பிள்ளைகள் படிக்கிற புத்தகம், கல்லு கல்லாகப் போய் இல்லாத மஞ்சளைத் தேடிக்கொண்டு நிற்பார்கள் என்றாள். இதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னாள். அப்புறம்தான் குரல் உடைந்தது.

"கலரு பாக்கறவன்னு பேருண்ணே எனக்கு. வேற என்னா இருக்குது எங்கிட்ட? வெள்ளையே எனக்குத் தெரியலன்னு சொல்லணும். இனிமே யாரு என் கண்ண நம்புவாங்க?"

நான் போனை எடுத்து ஜெயஸ்ரீயின் நம்பரைப் போட்டுப் பூங்கோதை கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள், சிட்டிகையின் அளவு உட்பட. கம்ப்யூட்டரில் தொட்டது நான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். நான் குறுக்கே புகுந்து அதைச் சொன்னேன். ஜெயஸ்ரீ, அப்புறமாகக் கூப்பிடுகிறேன் அக்கா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் கூப்பிடவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குக் கடையில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வந்தவர்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். பழமலை ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் தலைகாட்டாமல் பின் தெரு வழியாகவே லோடு அடித்தார். பூங்கோதை பட்டறையில் நீலத்தூள் டப்பாவை வேறொரு பெண்ணிடம் கொடுத்து நீயே போடு என்றாளாம். தங்கராசு முதலாளிதான் டப்பாவைப் பிடுங்கி மறுபடி அவள் கையில் திணித்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஜெயஸ்ரீ பஸ்ஸில் வந்து இறங்கினாள். பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம், எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம், அச்சகத்தில் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாளாம். நாற்பது படத்தையும் உட்கார்ந்து சரிசெய்துவிடலாமா என்று கேட்டாள். ஒவ்வொரு குட்டையின் முதல் படத்திலும் அந்தச் சில்லு இருந்தது, அதில் நீலம் எவ்வளவு என்பது இப்போது எங்களுக்குத் தெரியும், ஆகவே ஒன்றுவிடாமல் திருத்த முடிந்தது. மூன்று பேரும் சாயந்திரம்வரை உட்கார்ந்தோம். பூங்கோதை முதலில் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள், போகப் போக ஸ்டூலை இழுத்து என் தோளருகே போட்டுக்கொண்டாள். பாசி படிந்த கல்லின் படம் வந்தது. மஞ்சள் விலகியதும் அந்த ரோஸ் மேலே வந்தது. இதுதான், இதுதான் என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது. அடுத்த படத்தைத் திறந்தேன்.

கிளம்பும்போது ஜெயஸ்ரீ பூங்கோதையிடம், அச்சடிக்கும் அன்று அச்சகத்துக்கு வரவேண்டும் என்றாள். படம் எடுத்தவர்கள் அங்கே வந்து என்ன செய்வது என்று பூங்கோதை கேட்டாள்.

"மெஷின்ல கலர் எப்படி வேணா மாறும் அக்கா. அவங்க போதும்னுவாங்க, நானும் சரின்னுடுவேன், எனக்கு அவ்வளவு தெரியாது. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் வெள்ளை வெள்ளையில்லன்னு சொன்னவங்க நீங்க. உங்க கண்ணு பாக்காம இந்தப் புக்கு ஓடாது."

பூங்கோதை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் டீ சொல்லப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன். டீக்கடை எதிரில்தான், ஆனால் திரும்பி வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அச்சகம் புதுச்சேரியில் ஒரு சந்தில் இருந்தது. பழமலைக்காக முதல் பஸ், வேறு வழியில்லை, நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். மெஷின்காரர் சுப்புராயன் என்னைவிடச் சிடுசிடுப்பான ஆள். விருத்தாசலத்திலிருந்து ஒரு அம்மா வந்து தனக்குக் கலர் சொல்லப்போகிறது என்றதுமே அவர் முகம் கோணிவிட்டது. பூங்கோதை அதையெல்லாம் பார்க்கவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலு மைதான், இந்த நாலையும் கூட்டிக் குறைத்துத்தான் எல்லா நிறமும் என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. முதல் தாளைப் பார்த்தாள். பாசிக்குச் சிவப்பு தூக்கல் என்றாள். சுப்புராயன் முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார். அடுத்த தாளில் நண்டுக்குக் கறுப்பைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தார். மூன்றாவது தாளிலிருந்து அவர் மெஷினை விட்டுவிட்டு இவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் பெயர்கள் அச்சாகியிருந்தன. படங்கள் பூங்கோதை, நிறம் பார்த்தவர் பூங்கோதை என்று இரண்டு இடத்தில் இருந்தது. பழமலை அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக நத்தை இருக்கும் தாள் வந்தது. நாற்பதோடு நாற்பதாகச் சின்னதாகப் போட்டிருந்தார்கள், கீழே 'கரையோரம் எங்கும் காணலாம்' என்று எழுதியிருந்தது. நாங்கள் எல்லாரும் குனிந்தோம். ஓரத்துக் கோட்டில் மெல்லிசாக மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் மை கொஞ்சம் அதிகமாகிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பழமலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சத்தியமாக இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான் வந்தது.

பூங்கோதை மஞ்சளைக் குறைக்கச் சொன்னாள். மறுபடி ஒரு தாள் வந்தது. இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னொரு தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் நின்று, ஓரத்தில் அச்சுப் படாத வெறும் காகிதத்தை மடக்கி நத்தையின் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே மெஷின் காத்திருந்தது.

"என்னம்மா, என்னா தெரியுது?" என்று சுப்புராயன் கேட்டார்.

"வெள்ளதாங்க. வெறும் வெள்ள," என்றாள் பூங்கோதை. "ஓட்டுங்க."